கீறல் இல்லாத தோல்

குணசீலிக்கு அந்தத் தோல்களைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. முப்பத்தெட்டு வெள்ளாட்டுத் தோல், ஒன்றில்கூட ஒரு முள் கீறல் கிடையாது. நம் பக்கத்து ஆடு என்ன பட்டு மெத்தையிலா படுத்து வளர்கிறது? வேலிகாத்தான் முள்ளுக்குள் தலையை விட்டு மேய்கிறது, கம்பி வேலியில் விலாவைத் தேய்க்கிறது, உண்ணி கடிக்கிறது, ஒன்றை ஒன்று முட்டிக்கொள்கிறது. சுண்ணாம்பில் ஊறி, மயிர் கழிந்து, குரோம் பதம் ஏறி, வெளிர் நீலமாக மேசைக்கு வரும்போது அந்த ஆடு பட்ட பாடெல்லாம் தோலில் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்துத் தரம் பிரிப்பதுதான் குணசீலியின் வேலை.

பாலாற்றங்கரையில் இருந்த அந்தத் தோல் தொழிற்சாலையில் அவள் செலக்‌ஷன் மேஸ்திரி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பொம்பளை. மூக்கு நுனியில் கோபம், நாக்கு நுனியில் வசவு என்று அவளுக்குப் பெயர். அந்தப் பெயர் இல்லாவிட்டால் ஆம்பளை மேஸ்திரிகளுக்கு நடுவே ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டாள்.

மேசைக்கு மேலே இரண்டு வருஷமாக ஒரு கேமரா மெஷின் தொங்கியது. தோலை விரித்ததும் தரத்தைச் சொல்லிவிடும். முப்பத்தெட்டுக்கும் அது பச்சை விளக்கைப் போட்டது. எல்லாம் முதல் தரம்.

"கண்ணு அவிஞ்ச மெஷினு" என்று முணுமுணுத்துக்கொண்டே குணசீலி ஒரு தோலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

ரத்தக் குழாயின் தடம் விழுந்த தோலை அவள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். அறுத்த ஆட்டின் ரத்தம் சரியாக வடியாமல் போனால் தடம் விழும். அந்தத் தடம் பெரிதாகக் கிளம்பி, கிளை பிரிந்து, போகப் போக மெலிந்து காணாமல் போகும். இது அப்படி இல்லை. முதுகின் இடது பக்கம் ஒரு ரூபாய் அகலத்தில் ஒரு வட்டம். நாலு பக்கத்திலிருந்தும் குழாய்கள் தாங்கள் போகவேண்டிய வழியை விட்டுவிட்டுத் திரும்பி, அந்த வட்டத்தைப் பார்த்து ஓடியிருந்தன. ஒன்று தடி, ஒன்று நூல், கோணலும் மாணலுமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. அங்கே இருந்ததைச் சதை வழிக்கும் மெஷின் வழித்துப் போட்டுவிட்டது.

அடுத்த தோலை எடுத்தாள். அதே இடது பக்கம், அதே வட்டம். அதற்கடுத்ததிலும் அதே. இருபத்து மூன்று தோலில் அப்படி இருந்தது. ஏழெட்டுத் தோலில் பெரிய வட்டத்தைத் தவிர கழுத்தோரம் ஒன்று, தொடையில் இரண்டு என்று குட்டி வட்டங்களும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் குழாய்கள். எல்லாத் தோலிலும் பின்னங்காலுக்கு மேலே சின்னதாகப் பச்சை குத்திய எழுத்து. டி.எல். பதினேழு, டி.எல். இருபது, டி.எல். முப்பத்தொன்று.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மெஷினே முதல் தரம்னு சொல்லிடுச்சு. அதுல போட்டு அனுப்பும்மா."

"மெஷினு சொல்லும். இத்தாலிக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்பினா மெஷினா போய் பதில் சொல்லும்? இந்த லாட்டு இங்கியே கெடக்கட்டும்."

டி.எல். என்ற எழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று மண்டையைக் குடைந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. முதலுதவி அறையில் இருக்கும் குளிர்பெட்டியில், மருந்துப் புட்டிகளின் கழுத்தில் அந்த இரண்டு எழுத்துதான் அச்சடித்திருந்தது. தளிர் ஊசி.

தளிர் ஊசி அந்தத் தொழிற்சாலைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் குரோம் தொட்டியில் வேலை செய்கிறவர்கள் கையைப் பார்க்கச் சகிக்காது. விரல் கணுவெல்லாம் ஆணி அடித்தாற்போல் குழிப்புண். ஆற மாதக்கணக்காகும், ஆறும்வரை லீவு போடுவார்கள். கையுறை கொடு, காற்றோட்டம் கொடு, தொட்டிக்கு மூடி போடு என்று சங்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதெல்லாம் நடக்கிற காரியமா? அதற்குப் பதிலாக ஜீவதாரை என்ற மருந்துக் கம்பெனி வந்தது. மாதம் ஒரு ஊசி, முதல் திங்கட்கிழமை. புண் இருக்கிற இடத்துக்குப் புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கும் ஊசி என்றார்கள். போட்ட ரெண்டு நாளில் புண் மூடிக்கொண்டது. ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முதலாளி மூடி, உறை பேச்சையே விட்டுவிட்டார். லீவு போடுகிறவர்களும் இல்லாமல் போனார்கள்.

குணசீலியின் நாத்தனார் எமிலி ஒருத்திதான் முதலில் முரண்டு பிடித்தாள். குரோம் தொட்டியில் வேலை, முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டோடு இருந்தாள். ஊசி என்றாலே பயம். "புண்ணு தானா ஆறட்டும் அண்ணி, எனக்கு வாணாம்" என்று பின்னுக்கு நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தியவள் குணசீலி. "புண்ணு கையோட எங்க வூட்டுச் சோத்தைப் பெசையாத, வாடி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் நிறுத்தினாள்.

மூன்று மணிக்குக் கலீல் பாய் வந்தார். ஊர் ஊராகத் தோல் சேகரித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் தரகர். குணசீலி அவரை உட்காரக்கூட விடவில்லை.

"பாய், இந்த முப்பத்தெட்டும் எங்க எடுத்தீங்க?"

"எல்லாம் குர்பானித் தோலும்மா. பக்ரீத்துக்கு ஜனங்க மதரஸாவுக்குக் குடுத்தது. ஏன், ஏதாச்சும் பழுதா?"

"ஆடு யாருது?"

கலீல் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "மலையடிவாரத்துல மருந்துக் கம்பெனிக்காரன் ஒரு பண்ணை வச்சிருக்கான் இல்ல? அங்க ஆட்டைப் பாத்துக்கற காண்ட்ராக்டர்கிட்ட எங்க தெருவுல பத்து வூட்டுக்காரங்க வாங்கினாங்க. குர்பானிக்குப் பழுதில்லாத ஆடா பாக்கணும்மா. கொம்பு ஒடைஞ்சிருக்கக் கூடாது, காது கிழிஞ்சிருக்கக் கூடாது, நொண்டக் கூடாது. மத்த ஆடு மேல ஒரு புண்ணு, ஒரு தழும்பு இருக்கும். இந்த ஆடுங்க மேல ஒரு கீறல் இல்ல. பாத்தவுடனே அட்டியில்லாம வாங்கிட்டாங்க. முதுகுல சின்னதா ஒரு வீக்கம் இருந்துதாம். தடுப்பூசி போட்ட எடம்னு சொல்லியிருக்கான்."

"அந்தக் காண்ட்ராக்டரு ஏன் வித்தான்?"

"அதை ஏன் கேக்கற! கொன்னு குழியில போட்டு எரிச்சுடுன்னு கம்பெனி சொல்லியிருக்கு. பக்ரீத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எவனாச்சும் ஆட்டை எரிப்பானா? எரிச்சதா எழுதிக் குடுத்துட்டு வித்துட்டான்." அவர் முகம் மாறியது. "ஏம்மா, அதுல ஏதாவது கோளாறா? புள்ளக்குட்டிங்க சாப்பிட்டிருக்கே!"

"தெரியல பாய். நான் விசாரிச்சுச் சொல்றேன்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது எமிலி குளித்துவிட்டு, பாவாடையை மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். மேற்கு வெயில் நேராக அவள்மேல் விழுந்தது. குணசீலி கையிலிருந்த பையைக் கீழே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எமிலியின் வலது பக்க மார்பின் மேல்தோலில் நீலமாகக் குழாய்கள் ஓடியிருந்தன. தோளிலிருந்து இறங்கி வந்தது, நடு நெஞ்சிலிருந்து குறுக்கே வந்தது, அக்குளிலிருந்து வளைந்து வந்தது. எல்லாம் பாவாடைக் கட்டுக்குக் கீழே ஒரே இடத்துக்குப் போயின.

"இன்னா அண்ணி அப்படிப் பாக்கற?"

"அது எத்தினி நாளா இருக்குது?"

எமிலி சட்டென்று துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு மூடற? காட்டு."

"அண்ணி, சும்மா இரு. ஒரு மிளகு மாதிரி கட்டி அது. அஞ்சாறு வருசமா அப்பிடியே கெடந்துச்சு, வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. இப்ப நாலஞ்சு மாசமாத்தான்..." அவள் நிறுத்திவிட்டாள்.

"நாலஞ்சு மாசமா?"

"எலுமிச்சங்கா அளவுக்கு ஆயிருக்குது."

குணசீலி கத்தவில்லை. அதைப் பார்த்துத்தான் எமிலிக்குப் பயம் வந்தது.

மறுநாளே குணசீலி அவளை இழுத்துக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனாள். பையில் ஒரு தோலையும் சுருட்டி வைத்திருந்தாள். டாக்டர் முபீனா ஐம்பது வயதுக்காரர், புற்றுநோய்ப் பிரிவு. ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். நாலு நாள் அலைந்து முடிவு கைக்கு வந்தது. எமிலியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் குணசீலியிடம் பேசினார்.

"புற்றுதான்மா. ஈரல்லயும் ரெண்டு எடத்துல சின்னதா தெரியுது."

குணசீலி பையிலிருந்து தோலை எடுத்து மேசைமேல் விரித்தாள். எழுத்தைக் காட்டினாள், வட்டத்தைக் காட்டினாள், இன்னும் இருபத்திரண்டு தோலில் அதே இடத்தில் வட்டம் இருப்பதையும் தளிர் ஊசியைப் பற்றியும் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இதை நான் கண்ணாடிச் சில்லுல வச்சு மைக்ராஸ்கோப்லதான் பாத்திருக்கேன். இவ்ளோ பெருசா, வெறுங்கண்ணுல பாத்ததில்ல" என்றார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா. நான் எட்டாவதுதான் படிச்சேன்."

"உடம்புல எந்தக் கட்டியா இருந்தாலும் ஒரு கடுகு அளவுக்கு மேல வளரணும்னா அதுக்குச் சாப்பாடு வேணும், காத்து வேணும். ரெண்டும் ரத்தத்துலதான் வருது. ரத்தக் குழாய் கிட்ட இல்லைன்னா அது கடுகாவே கெடக்கும். நிறைய பேருக்கு உள்ள அப்படித் தூங்கிக்கிட்டு இருக்கும். அவங்களுக்குத் தெரியவே தெரியாது, வயசாகி வேற எதுலயோ போய்ச் சேருவாங்க. உங்க நாத்தனாருக்கு மெல்லிசா ரெண்டு குழாய் கெடைச்சிருக்கும். அதை வச்சு மிளகு அளவுக்கு வந்து நின்னுடுச்சு. இன்னும் இருபது வருசம்கூட அப்படியே நின்னிருக்கலாம்."

"இந்த ஊசி?"

"நமக்குக் காயம் பட்டா, அந்த இடம் எனக்கு ரத்தக் குழாய் அனுப்புன்னு உடம்பைக் கூப்பிடும். முளை விட்டுக் குழாய் அங்க போகும், புண்ணு ஆறும், அப்பறம் கூப்பிடறதை நிறுத்திடும். கட்டியும் அதே குரல்லதான் கூப்பிடும். உடம்பு முக்கால்வாசி நேரம் அதுக்குக் காது குடுக்காம சமாளிச்சுக்கிட்டு இருக்கு. இவங்க ஊசியில அந்தக் குரலையே மருந்தாக்கி உடம்பு பூரா போட்டுட்டாங்க. மாசா மாசம் போட்டாங்க. கையில இருக்கற புண்ணுக்கு மட்டும் போய்ச் சேருன்னா கேக்குமா அது?"

"ஈரலுக்கு எப்படிப் போச்சு?"

"அவசரத்துல வளர்ந்த குழாய்மா. சுவர் சரியா இருக்காது, ஒழுகும். ரத்தம் உள்ள வர்ற அதே வழியில கட்டியோட செல்லு உதிர்ந்து வெளிய போகும். போன எடத்துல ஒட்டிக்கும். அங்கயும் ஊசி மருந்து இருக்கே, உடனே குழாய் வரும்." டாக்டர் தோலின் கழுத்தோரம் இருந்த குட்டி வட்டத்தின்மேல் விரலை வைத்தார். "இந்த ஆட்டுல நடந்தது அதுதான். மேல ஒரு கீறல்கூட இல்லாம ஆறினதும் இதே ஊசியாலதான்."

குணசீலியின் உதடு நடுங்கியது. அழுகை என்று டாக்டர் நினைத்துத் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். அழுகை இல்லை.

"அப்போ ஆட்டுக்குப் போட்டப்பவே இவனுங்களுக்குத் தெரியும்."

"ஆட்டுக்குக் கட்டியை அவங்களேதான் வச்சிருக்கணும். எல்லாத்துக்கும் ஒரே எடத்துல தானா வராது. ஊசி போட்டா கட்டி என்ன ஆகும்னு பாத்திருக்காங்க. பாத்த முடிவை வெளிய சொல்லல."

"படுபாவிங்க" என்றாள் குணசீலி. பிறகு இன்னும் நாலு வார்த்தை சொன்னாள். டாக்டர் முபீனா தடுக்கவில்லை. கடைசியில் அந்த ஆட்டுக்கறி தின்றவர்களுக்கு ஏதும் ஆகுமா என்று கேட்டாள். வேகவைத்துத் தின்றதால் புற்று ஒட்டாது, பயப்படவேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் வெளியே வந்து முதலில் கலீல் பாய்க்குப் போன் போட்டுச் சொன்னாள்.

எமிலிக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் ஆயிற்று. அறுத்த காயம் முழுதும் மூடிய பிறகு, ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்தை ஆரம்பிப்பதாக டாக்டர் சொன்னார். அந்த மருந்து ஏறினால் இனி சின்னக் காயம்கூட லேசில் ஆறாது. தொட்டி வேலை அத்தோடு சரி. அப்படியும் உயிருக்கு உத்தரவாதம் தரமுடியாது என்றார். வாக்குக் கொடுத்து ஏமாற்றாத அந்த டாக்டர்மேல் குணசீலிக்கு மரியாதை வந்தது.

அடுத்த திங்கள், மாதத்தின் முதல் திங்கள். காலை ஒன்பது மணிக்கு தொழிற்சாலை முற்றத்தில், எமிலி போக, நூற்றி எழுபத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள், வழக்கம்போலச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு. ஜீவதாரையின் டாக்டர் சுகந்தன் குளிர்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும், சிரித்த முகம், எல்லோரையும் அம்மா அண்ணா என்று அழைப்பார். குணசீலி இரண்டு பேரைக் கூப்பிட்டு, தோல் உலர்த்தும் கொடியில் டாக்டரிடம் கொடுத்தது போக மீதி முப்பத்தேழு தோலையும் ஒன்று விடாமல் தொங்கவிட்டாள். வெயிலில் குழாய்த் தடங்கள் தூரத்திலிருந்தே தெரிந்தன.

"யாரும் கையை நீட்டாதீங்க" என்றாள் வரிசையைப் பார்த்து. "எமிலிக்கு மாரை எடுத்துட்டாங்க. ஈரலுக்கும் போயிடுச்சு. இந்த ஊசிதான் காரணம். இதோ பாருங்க, இந்த ஆட்டுங்களுக்கும் இதே ஊசிதான். நம்பரைப் பாருங்க, புட்டியைப் பாருங்க."

மேனேஜர் ஓடி வந்தார். சுகந்தன் அவரைக் கையமர்த்திவிட்டு எழுந்தார். நிதானமாகத்தான் பேசினார்.

"அம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா இது ஆடு. இதுங்களுக்கு நாங்களே கட்டியை வச்சுச் சோதிச்சோம். கட்டி இல்லாத உடம்புல தளிர் ஒண்ணுமே செய்யாது. கட்டி உள்ளவங்களுக்கு இந்த ஊசியை நாங்க போடறதே இல்லை. அதனாலதான் முதல் ஊசிக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் கேட்டோம்." கைக்கணினியைத் திறந்து வரிசையைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தார். "பதினோராவது கேள்வி. ‘உடம்பில் எங்காவது கட்டி இருக்கிறதா?' எமிலி, பதில் ‘இல்லை'. பதிவு செஞ்சவங்க, குணசீலி, மேஸ்திரி. நூத்தி எண்பது பேருக்கும் நீங்கதானேம்மா பதிவு பண்ணீங்க? மறைச்சது யாருன்னு இப்ப நீங்களே சொல்லுங்க."

வரிசை முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

அவளுக்கே மறந்துபோயிருந்தது. எட்டு மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை. ஒருத்தருக்கு இருபது கேள்வி, நூற்றி எண்பது பேர். எந்தப் படிவம் வந்தாலும் அந்தத் தொழிற்சாலையில் மேஸ்திரிதான் நிரப்புவார், யாரையும் கேட்கிற பழக்கமே கிடையாது. பாதுகாப்புப் பயிற்சி எடுத்தீர்களா, ஆம். உறை கொடுத்தார்களா, ஆம். உடல்நலக் குறை, இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் ‘இல்லை, இல்லை' என்று தட்டித் தள்ளினாள். எமிலியின் பெயர் வந்தபோதும் விரல் நிற்கவில்லை.

"எங்களைக் கேட்டியா நீ?" என்று வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் உடைந்து கேட்டது.

பொய் சொல்லித் தப்பிக்க ஒரு வழியும் தெரியவில்லை, தேடவும் பிடிக்கவில்லை.

"கேக்கல" என்றாள். "ஒருத்தரைக்கூடக் கேக்கல. எமிலியையும் கேக்கல. எல்லாத்துக்கும் நான்தான் இல்லைன்னு போட்டேன். என்னை எவ வேணும்னாலும் செருப்பால அடிங்க, வாங்கிக்கறேன். ஆனா இவரு பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. ‘எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்கம்மா, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுடலாம்'னு சொன்னது இவருதான்."

"ஆதாரம் இருக்காம்மா?" சுகந்தன் சிரிக்காமல் கேட்டார். "உங்க கையெழுத்துதான் இருக்கு. பொய்ப் பதிவுக்கு வழக்கு வந்தா உங்கமேலதான் வரும். நாங்க கேட்டோம். அது பதிவுல இருக்கு."

நாங்க கேட்டோம், நாங்க கேட்டோம். அந்தப் பேச்சு குணசீலியின் காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது. அவள் கைக்கணினியை வெடுக்கென்று பிடுங்கி அந்தக் கேள்வியை இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். உடம்பில் எங்காவது கட்டி இருக்கிறதா. அப்போதுதான் அவளுக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

"ஏன் கேட்டீங்க?" என்றாள்.

"என்னம்மா?"

"கைப்புண்ணு ஆறறதுக்குத்தானே ஊசி? கட்டி இருக்கான்னு ஏன் கேட்டே? ஆணி குத்தினா ஆஸ்பத்திரியில ஊசி போடறாங்க, எவனாச்சும் உனக்குக் கட்டி இருக்கான்னு கேக்கறானா? நாய் கடிச்சா கேக்கறானா? நீ மட்டும் ஏன் கேட்டே? முதல் ஊசி போடறதுக்கு முந்தியே கேட்டிருக்கியே, எதுக்கு?"

"அது வழக்கமா எல்லாப் படிவத்துலயும்..."

"வழக்கமா! கட்டி இருந்தா இது கொன்னுடும்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் கேட்டே. நிஜமாவே பதில் வேணும்னா டாக்டரை வச்சுத் தடவிப் பாத்திருப்பே, படம் புடிச்சிருப்பே. உனக்குப் பதில் வேணாம். ‘இல்லை'ங்கற சொல்லு வேணும், அதுல என் பேரு வேணும். நாங்க செத்தா நீ நிமிர்ந்து நிக்கறதுக்கு. அடப்பாவி, உள்ள கடுகாட்டம் தூங்கறது எங்களுக்கே தெரியாதாமே, டாக்டரம்மா சொல்றாங்க. தெரியாதவங்களைக் கேட்டா இன்னாய்யா பதில் வரும்?"

சுகந்தன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம்வரை அவரும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்தான்.

முதலில் நின்ற ஆள் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டான். பின்னால் நின்றவள் முந்தானையைத் தோளில் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொருவராகக் கையை மறைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு ஒரு புட்டிகூட உடையவில்லை, ஒருவர் மேலும் கை படவில்லை. ஆனால் சுகந்தனின் வண்டியை அவர்கள் வெளியே விடவில்லை. போலீஸ் வந்தது, பிறகு தாசில்தார், கடைசியில் கலெக்டரே வந்தார். குளிர்பெட்டிக்கும் தோல்களுக்கும் சீல் வைத்தார்கள். ஊசிக்குத் தடை, விசாரணைக் குழு, எல்லோருக்கும் ஸ்கேன் என்று உத்தரவாயிற்று. ஸ்கேனில் இன்னும் ஒன்பது பேருக்குக் கட்டி தெரிந்தது. குணசீலியைத் தொழிற்சாலை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது, பொய்ப் பதிவு செய்ததற்காக. அந்த ஒன்றை மட்டும் அவர்கள் ஒரே நாளில் செய்து முடித்தார்கள்.

விசாரணையில் எமிலி சாட்சி சொல்வதற்கு முந்தின நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து குணசீலி சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். மருந்து ஆரம்பித்து ஆறு வாரம். பழைய குரோம் புண் ஒன்று எமிலியின் நடுவிரலில் மறுபடி வாய் திறந்திருந்தது. அதற்கு மேல் துணி சுற்றியிருந்தார்கள்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது."

"கத்தறதுக்குன்னே பொறந்தவ நான். சொல்லு."

"அன்னிக்கு நீ என்னைக் கேட்டிருந்தாலும், இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்."

குணசீலியின் கை நின்றது. இரண்டு மாதமாக ஒரு வேளைச் சோறு அவளுக்கு நிம்மதியாக இறங்கவில்லை. கேட்டிருந்தால், ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று மனசுக்குள் தன்னையே நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, ஆத்திரம்தான் பொங்கியது.

"ஏண்டி? ஏன் மறைக்கணும்?"

"மூச்சிரைப்புன்னு சொன்ன லீலாவதியை மறுநாளே ஃபாக்டரி கேட்டுக்கு வெளிய நிறுத்தினாங்க. மறந்துட்டியா? எனக்கும் வேலை போயிருக்கும். கல்யாணமாகாதவ, வூட்டுல குந்தினு உன் சோத்தைத் துன்னா..."

"நான் என்னிக்காச்சும் சோத்தைச் சொல்லிக் காட்டியிருக்கேனாடி?"

"தெனம்" என்றாள் எமிலி.

குணசீலி உரித்த சுளையைத் தட்டில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது, அதற்கும் கோபம் வந்தது.

"இதோ பார்" என்றாள் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "நாளைக்கு அங்க வந்து இதைச் சொல்லித் தொலைக்காத. கம்பெனி வக்கீலு இதுக்குத்தான் வாயைப் பொளந்துக்கினு குந்தியிருக்கான். ‘கேட்டிருந்தா சொல்லியிருப்பியா'ன்னு கேப்பான். ‘சொல்லியிருப்பேன்'னு ஒரே வார்த்தையில முடிச்சுக்க."

எமிலி தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்தாள்.

"நீ நூத்தி எண்பது பேருக்கு இல்லைன்னு எழுதினியே, நூத்தி எண்பத்தொண்ணாவதா நான் ஒரு பொய் சொல்லணுமா அண்ணி? மாட்டேன். ‘மறைச்சிருப்பேன் சார்'னுதான் சொல்லப்போறேன். ஏன் மறைச்சிருப்பேன்னும் சேத்துச் சொல்றேன். லீலாவதி பேரையும் சொல்றேன். எங்க வாயிலேருந்து இல்லைங்கற சொல்லு வர்றதுக்கு மேஸ்திரி எதுக்கு? லீலாவதியை வெளிய தள்ளின அந்த கேட்டு ஒண்ணே போதும். அதையும் எழுதிக்கட்டும்."